“சாகணும்போல இருக்கா?” என்று நேராகக் கேட்கலாம்

முதலில் ஒரு எண்: 14416. அரசின் மனநல உதவி எண். இதைப் படிக்கிற இந்த நேரத்தில் உங்களுக்கே ‘உயிரோடு இருந்து என்ன ஆகப்போகிறது’ என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தால், கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம். அந்த எண்ணுக்குப் போடுங்கள். காசு கிடையாது, ராத்திரி இரண்டு மணி ஆனாலும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். போன் பேசவும் தெம்பில்லை என்றால், பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவரிடம் “என்னைத் தனியா விடாதீங்க” என்று மட்டும் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு, அதாவது வீட்டிலோ வீதியிலோ ஒருவரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்குத்தான் மீதியை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், வீடு பள்ளத்தூரில். இந்த விஷயத்தில் எனக்கு முதல் பாடம் சொல்லிக்கொடுத்தவர் என் அம்மா. அவர் எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவரில்லை.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பெரிய வீடு. முகப்பில் நுழைந்து வளவு, இரண்டாம் கட்டு என்று நடந்தால் பின்பக்கம் அடுத்த தெருவில்தான் வெளியே வருவோம். ஐந்து பங்காளிகளுக்குப் பாத்தியப்பட்ட வீடு. நாலு பங்கு பூட்டிக் கிடக்கும், கல்யாணம் காட்சி என்றால்தான் திறப்பார்கள். ஐந்தாவது பங்கில் ஒரு ஆச்சி தனியாக இருந்தார். அவர் கணவர், செட்டியார், தவறி நாலு மாதம். மகன் சிங்கப்பூரில். 2016 ஐப்பசி மாதம், மழைக்காலம்.

ஒரு சாயங்காலம் ஆச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மங்குத் தூக்கு, அதாவது எனாமல் பூசிய தூக்குப் பாத்திரம். வெள்ளையில் பச்சைக் கரை போட்டது, அவர் கல்யாணத்துக்கு வைத்த சாமான். “இதை நீ வச்சுக்க ஆத்தா” என்று அம்மாவிடம் கொடுத்தார். எங்கள் பக்கம் சாமான் கொடுப்பதும் வாங்குவதும் புதிதில்லை என்பதால் அம்மாவும் வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். இந்தத் தடவை, எப்போதும் இடுப்பிலேயே இருக்கும் சாவிக்கொத்து. “இதையும் வச்சிரு. மகன் வந்தா குடுத்துரு” என்றார். மகன் வருவதாகப் பேச்சே இல்லை.

அம்மா அப்போது உலையில் அரிசி போடப் போனவர். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ஆச்சியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார்: “ஆச்சி, உசுரோட இருக்க வேண்டாம்னு நெனைக்கிறீகளா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வயசான மனுஷியிடம் இப்படியா கேட்பது? ஆச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, “ஆமாத்தா” என்றார். அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. செட்டியார் தவறிய அன்றைக்குக்கூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி அம்மா பாயை எடுத்துக்கொண்டு போய் ஆச்சி வீட்டில் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் மகனுக்குப் போன். மூன்றாம் நாள் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர். மனச்சோர்வு நோய் என்றார்கள், மருந்து எழுதினார்கள். ஆச்சி இன்றைக்கும் இருக்கிறார், சாவிக்கொத்தும் அவர் இடுப்பில் இருக்கிறது. “எழுதப்பா, பேரு மட்டும் வேண்டாம்” என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

கேட்டால் எண்ணம் வந்துவிடுமா?

வராது. தற்கொலையைப் பற்றி அதிகம் பேர் நம்பும் தவறான கருத்து இதுதான் என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ‘நாமே எடுத்துக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும்’ என்று பயந்துதான் பலர் கேட்காமல் விடுகிறார்கள். ஆனால் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்ததில், நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை, இருக்கிற எண்ணம் கூடுவதுமில்லை என்றுதான் தெரிந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் இதையே சொல்கிறது. பெரும்பாலும் நடப்பது நேர்மாறானது. யாரிடமும் சொல்ல முடியாமல் உள்ளேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தவருக்கு, ஒருவர் அதைப் பெயர் சொல்லிக் கேட்டதும் மூச்சு விட இடம் கிடைக்கிறது.

சுற்றி வளைத்துக் கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. “நீங்க அப்படியெல்லாம் ஒண்ணும் நெனைக்கலையே?” என்று கேட்டால், ‘இல்லை’ என்கிற பதிலை நாமே அவர் வாயில் வைத்துவிடுகிறோம். “சாகணும்போல இருக்கா?”, “தற்கொலை எண்ணம் வருதா?” என்று கேளுங்கள். குரலில் அதட்டலோ பதற்றமோ இல்லாமல், காய்ச்சல் இருக்கா என்று விசாரிப்பது மாதிரி.

நெருக்கடி என்பது என்ன

மனநல நெருக்கடி என்றால், ஒருவருடைய வலி அவர் தாங்கும் சக்திக்கு மேலே போய்விட்ட நிலை. அந்த நேரத்தில் மனம் குறுகிவிடுகிறது. சாதாரண நாளில் பத்து வழி தெரிகிறவருக்கு ஒரே ஒரு கதவுதான் கண்ணில் படுகிறது. உண்மையில் அவர் கேட்பது சாவை அல்ல, அந்த வலி நிற்க வேண்டும் என்பதைத்தான். கடைசி நிமிடம் வரைக்கும் அவருக்குள் வாழ வேண்டும் என்கிற ஆசையும் கூடவே இருக்கும். ஆச்சி சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாரே, அதில் இரண்டும் இருந்தது. போக நினைத்தவர்தான், ஆனால் யாராவது தடுத்துக் கேட்கட்டும் என்றும்தானே எதிர்வீட்டுப் படி ஏறினார்?

இன்னொன்று, இந்த நெருக்கடி அலை மாதிரி. எழும், உச்சத்துக்குப் போகும், இறங்கும். கடுமையான வேகம் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான் நிற்கும். அந்த நேரத்தைக் கடத்திவிட்டால், அதே மனிதர் அதே பிரச்சினையைக் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்க்கிறார். முதலுதவி என்பது அவருடைய வாழ்க்கைப் பிரச்சினையைத் தீர்ப்பது அல்ல, அந்த நேரத்தைக் கூட இருந்து கடத்துவது. கடனை நீங்கள் அடைக்க வேண்டாம், குடும்பச் சண்டைக்குப் பஞ்சாயத்தும் பேச வேண்டாம். இது புரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

காதில் விழும் வார்த்தைகள்

2022-ல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். ஒரு நாளைக்கு ஐம்பதுக்கு மேல். நாடு முழுக்கப் பார்த்தால் காரணங்களில் முதலில் குடும்பப் பிரச்சினை, அடுத்து நோய். இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள்.

இதில் பலர் முன்கூட்டியே ஏதாவது ஒரு விதத்தில் சொல்லியிருப்பார்கள். நேராகச் சொல்லமாட்டார்கள். “நான் இல்லைன்னா எல்லாருக்கும் நிம்மதி”, “எல்லாருக்கும் பாரமா இருக்கேன்”, “தூங்கினா முழிக்கவே கூடாது”, “எங்கயாவது போயிரலாம்போல இருக்கு”. இப்படிப்பட்ட பேச்சு காதில் விழுந்தால் நின்று கேளுங்கள். ‘சாகிறவன் சொல்லிக்கிட்டா சாவான்’ என்பார்கள் நம் ஊரில். அது தப்பு. சொல்லிக்கொண்டிருப்பவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

பேச்சு தவிர நடத்தையும் உண்டு. பிரியமாக வைத்திருந்த சாமானைக் கொடுத்துவிடுவது, பத்திரம், பாஸ்புக், கணக்கு வழக்கைத் திடீரென்று ஒழுங்கு பண்ணி ஒப்படைப்பது, கோவில் விசேஷத்துக்கும் மொய்க்கும் தவறாமல் வருகிறவர் ஒதுங்கிப்போவது, குடி கூடுவது, தூக்கமும் சாப்பாடும் கெடுவது. பல நாள் துவண்டு கிடந்தவர் காரணமே இல்லாமல் ஒருநாள் ரொம்ப அமைதியாகிவிட்டால், ‘தெளிஞ்சிட்டார்’ என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்குத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இது கண்ணில் படாமல் போவதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது. வீடுகள் பெரிசு, ஆட்கள் குறைவு. பிள்ளைகள் சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று போய்விட்டார்கள். வீட்டு விஷயம் முகப்பைத் தாண்டக் கூடாது என்கிற கௌரவம் வேறு. வியாபாரம் நொடித்தவரும், வெளிநாட்டுக்குப் போகக் கடன் வாங்கி ஏமாந்து திரும்பியவரும் வெள்ளை வேட்டி கலையாமல் நடமாடிக்கொண்டிருப்பார்கள், யாருக்கும் தெரியாது.

கேட்ட பிறகு

ஆச்சி விஷயத்துக்குப் பிறகு நான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஆனால் படிப்பது வேறு, கேட்பது வேறு. முதல் தடவை கேட்டது என் கடையில் வைத்துத்தான். ஆத்தங்குடியில் தரைக்கல் போடும் வேலை பார்க்கிற ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கும், தூக்கத்துக்கு மாத்திரை கேட்டு ஒரே வாரத்தில் மூன்று தடவை வந்தார். டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றேன். அவர் திரும்பிப் போகிறபோது, கூட்டம் இல்லாததால், “தம்பி, ஒண்ணு கேட்கட்டுமா? சாகணும்போல ஏதும் தோணுதா?” என்றேன். என் குரல்தான் நடுங்கியது. அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “அந்த அளவுக்கு இல்லண்ணே. ஆனா கேட்டீங்க பாருங்க, இதுவரைக்கும் யாரும் கேட்கல” என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். குழுக் கடன், சம்சாரம் பிறந்த வீட்டுக்குப் போனது என்று முக்கால் மணி நேரம் பேசினார். நான் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் கேட்டது வீண் போகாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

‘ஆமாம்’ என்று சொன்னால் என்ன செய்வது? முதலில் நன்றி சொல்லுங்கள், “என்கிட்ட சொன்னீங்களே, நல்லது” என்று. பிறகு கேட்டுக்கொண்டிருங்கள். உபதேசம் வேண்டாம். “பிள்ளைகளை நெனைச்சுப் பாரு”, “இது கோழைத்தனம்”, “உன்னைவிடக் கஷ்டப்படுறவன் எத்தனை பேர்” ஆகிய மூன்றையும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். கேட்பவருக்கோ அவை குற்ற உணர்ச்சியைத்தான் கூட்டும், வாயை அடைத்துவிடும். ரகசியமாக வைத்திருப்பதாகச் சத்தியமும் செய்யாதீர்கள். “உங்களைக் கேட்காம ஊருக்குச் சொல்லமாட்டேன், ஆனா உங்க உசுருக்கு ஆபத்துன்னா உதவிக்கு ஆள் கூப்பிடுவேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

அடுத்த கேள்வியையும் தயங்காமல் கேளுங்கள்: எப்படிச் செய்வது என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாரா, இன்றைக்கேவா? வழியும் நேரமும் முடிவு செய்துவிட்டார் என்றால் அது அவசரம். தனியாக விடக் கூடாது, குளியலறைக்குப் போனாலும் கதவருகே ஆள் இருக்க வேண்டும், உடனே ஆஸ்பத்திரி.

சாமி கும்பிடப் போகலாமா, கொப்புடையம்மனுக்கு வேண்டிக்கொள்ளலாமா, குறி கேட்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கோவிலுக்குத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். மனசுக்குத் தெம்பு தருகிற எதையும் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கோவிலுக்குப் போகிற அதே வாரத்தில் டாக்டரிடமும் போக வேண்டும். செய்வினை என்று சொல்லி வைத்தியத்தைத் தள்ளிப்போட வைக்கிறவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

கைக்கெட்டாமல் வைப்பது

அலை இறங்கும் வரைக்கும் ஆபத்தான பொருள் கைக்கு எட்டக் கூடாது. பார்க்க ரொம்பச் சின்ன விஷயம், ஆனால் இதுவரை உலகம் கண்ட தடுப்பு வழிகளில் அதிக உயிரைக் காப்பாற்றியவற்றில் இதுவும் ஒன்று. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1990-களின் நடுவில் இருந்து இருபது வருஷத்தில் அங்கே தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. ‘இது இல்லைன்னா வேற வழி பார்த்துக்குவாங்க’ என்று சொல்வார்களே, அது பெரும்பாலும் நடக்கவில்லை. நம் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில் பக்கத்து ஊர்களில், சென்னையில் உள்ள தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவைச் சேர்ந்தவர்கள் பேங்க் லாக்கர் மாதிரி ஒரு பொது இடம் கட்டி, விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைத்துப் பூட்ட ஏற்பாடு செய்து பார்த்தார்கள். பலன் இருந்தது.

வயல் உள்ளவர்கள் மருந்தை வீட்டுக்கு வெளியே பூட்டி வையுங்கள், சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். மருந்துக்கடைக்காரனாக நான் சொல்வது: நெருக்கடியில் இருப்பவருக்கு எந்த மாத்திரையையும் மாதக் கணக்கில் வாங்கி வைக்காதீர்கள், ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். அட்டை வீட்டில் இன்னொருவர் பொறுப்பில் இருக்கட்டும். பழைய மாத்திரை மிச்சமிருந்தால் கடையில் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். எனக்கு வியாபாரம் குறைந்தாலும் பரவாயில்லை.

யாரைக் கூப்பிடுவது

14416 என்பது டெலி மானஸ், 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய அரசு சேவை. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்கிற பெயரிலும் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கூப்பிட்டதும் பதிவுக் குரல் மொழியைக் கேட்கும், தமிழைத் தேர்ந்தெடுத்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ உங்கள் மாவட்டத்து மருத்துவமனைக்கோ வழிகாட்டுவார். பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்று இல்லை. “எங்க அண்ணன் இப்படி இருக்கார், நான் என்ன செய்யட்டும்?” என்று நீங்களும் கேட்கலாம். பலருக்கு இது தெரியாது.

மாநில அரசின் 104 எண்ணும் உண்டு, பரீட்சை முடிவு வரும் நாட்களில் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அதில் ஆலோசனை சொல்கிறார்கள். சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகாவின் எண் 044-24640050. எடுப்பவர்கள் தன்னார்வலர்கள், குறுக்கே பேசாமல் கேட்பதுதான் அவர்கள் வேலை. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். சிங்கப்பூரில் 1767, மலேசியாவில் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929, அமெரிக்காவில் 988. அங்கே தனியறையில் இருந்துகொண்டு ‘அம்மாவுக்குத் தெரியக் கூடாது’ என்று தவிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நேரில் பார்க்க, சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின்படி மனநல மருத்துவர் வட்டார மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட கிழமைகளில் வருவார். உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் ‘மனநல டாக்டர் என்னைக்கு வருவார்’ என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்கிற பயம் இன்னும் போகவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரியில் என் சொந்தக்காரப் பையனைச் சேர்க்கப் போனபோது, அந்தப் பேச்சிலேயே அரை மணி நேரம் போனது. அந்த அரை மணி நேரத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. நல்லவேளை, பிழைத்தான். சட்டம் மாறிவிட்டது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவே இல்லை. ஆஸ்பத்திரியில் தகவல் பதிவு நடக்கலாம், அதற்காகச் சிகிச்சை ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது.

அதற்குப் பிறகு

மனச்சோர்வு மருந்து இன்று போட்டால் நாளை வேலை செய்யாது, சில வாரங்கள் ஆகும். “பத்து நாள் சாப்பிட்டாச்சு, ஒண்ணும் ஆகலை” என்று நிறுத்துகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். முயன்று பிழைத்தவர் வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள், மூன்று மாதம் வரைக்கும்கூட, ஆபத்தான காலம். ஊரே வந்து பார்த்துவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிற காலமும் அதுதான்.

இதைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது, அது நடந்த ஊர்களில் சென்னையும் ஒன்று. ஆஸ்பத்திரியில் இருந்து போனவர்களிடம் ஒருமுறை உட்கார்ந்து விளக்கமாகப் பேசிவிட்டு, பிறகு 18 மாதம் வரை விட்டு விட்டுப் போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். அப்படி விசாரிக்கப்பட்டவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள், மற்றவர்களைவிட மிகக் குறைவு.

அம்மாவுக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாது. ஆனால் 2016-ல் இருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு எதிர்வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். சில நாள் பணியாரம் இருக்கும் கையில், சில நாள் வெறுங்கை. முதல் மூன்று மாதம், உட்கார்ந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இன்னைக்கு அந்த நெனைப்பு வந்துச்சா ஆச்சி?” வந்தது என்றால் அன்றைக்குப் பாயை எடுத்துக்கொண்டு போவார். வரவில்லை என்றால் இரண்டு பேருமாக உட்கார்ந்து சீரியல் பார்ப்பார்கள். இப்போது அந்தக் கேள்வி எப்போதாவதுதான். மங்குத் தூக்கை மட்டும் ஆச்சி திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அதில்தான் எங்கள் வீட்டில் இருந்து அவருக்குக் குழம்பு போகிறது.